மண்டேலாவின் பச்சை ஜெர்சி: அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை

கேள்வி: "1995 ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு மண்டேலா ஸ்பிரிங்பாக் ஜெர்சி போட்டுக்கொண்டு வந்தார், அன்றோடு தென்னாப்பிரிக்காவில் கறுப்பர் வெள்ளையர் பகை தீர்ந்தது என்கிறார்கள். ஒரு ஆட்டத்தால் அவ்வளவு ஆகுமா? உண்மையில் என்ன நடந்தது?"

ஒரு ஆட்டத்தால் ஆகாது. ஜெர்சி கடைசிப் படி. அதற்கு அடியில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வேலை கிடக்கிறது. அதில் ஒரு பாதியை மண்டேலா வெள்ளையரிடம் செய்தார், மறு பாதியைத் தன் சொந்தக் கட்சிக்காரர்களிடம் செய்தார். இரண்டாவதுதான் கடினமான வேலை. சினிமாவில் அது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், நிஜத்தில் அப்படி முடியவில்லை.

முதலில், அங்கே ரக்பி யாருடைய ஆட்டம் என்று தெரிய வேண்டும். தென்னாப்பிரிக்க வெள்ளையரில் பெரும்பான்மையினர் ஆஃப்ரிக்கானர்கள். 1652 முதல் கேப் பகுதியில் குடியேறிய டச்சு, ஜெர்மன், பிரெஞ்சு ஆட்களின் வழிவந்தவர்கள், ஆஃப்ரிக்கான்ஸ் மொழி பேசுபவர்கள். 1948ல் ஆட்சியைப் பிடித்து நிறவெறியைச் சட்டமாக்கிய தேசியக் கட்சி அவர்களுடையதுதான். ரக்பி அவர்களுக்குப் பொழுதுபோக்கு மட்டும் இல்லை, தேவாலயத்துக்கு அடுத்த இடத்தில் இருந்தது. பச்சையில் தங்க நிறக் கழுத்துப்பட்டி வைத்த தேசிய அணிச் சட்டை, அதில் துள்ளும் ஸ்பிரிங்பாக் மான். அந்தச் சட்டையைப் பார்த்தால் கறுப்பினத்தவருக்குப் போலீஸ் சீருடையைப் பார்த்த எரிச்சல் வரும். மைதானத்தில் அவர்களுக்கென்று வேலி போட்ட ஒரு மூலை உண்டு. அங்கே நின்று எதிரணிக்குக் கைதட்டுவார்கள், எதிரணி எந்த நாடானாலும் சரி.

"ரக்பி வெள்ளையர் ஆட்டம், கால்பந்து கறுப்பர் ஆட்டம்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது பாதிதான் உண்மை. கிழக்கு கேப் பகுதியில் மிஷன் பள்ளிகள் வழியாக 19ஆம் நூற்றாண்டிலேயே ஷோசா என்ற கறுப்பின மக்களிடம் ரக்பி போய்ச் சேர்ந்துவிட்டது. கேப் டவுனில் கலப்பினத்தவர் தலைமுறை தலைமுறையாக ஆடினார்கள். தனி வாரியம், தனிப் போட்டிகள், புல் முளைக்காத மைதானங்கள். ஸ்பிரிங்பாக் சட்டை மட்டும் அவர்களுக்குக் கிடையாது. 1981ல்தான் எரல் டோபயஸ் என்ற கலப்பின வீரர் முதன்முதலாக அதைப் போட்டார். பின்னாளில் மண்டேலா அரசில் விளையாட்டு அமைச்சரான ஸ்டீவ் ட்ஷ்வெட்டேகூட கிழக்கு கேப்காரர். ராபன் தீவில் 15 ஆண்டு சிறையிருந்த ரக்பிப் பிரியர். கட்சிக்குள் இப்படி நாலு பேர் இருந்ததால்தான் மண்டேலாவின் யோசனைக்குக் கொஞ்சமாவது காது கிடைத்தது.

அடுத்தது புறக்கணிப்பு. இதை விட்டுவிட்டு 1995ஐப் பேசினால் கதை தேவதைக் கதையாகிவிடும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு இடமில்லை. 1970ல் ஒலிம்பிக் கமிட்டியிலிருந்தே வெளியேற்றப்பட்டது. 1974 டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிக்கு வந்த இந்திய அணி, எதிரணி தென்னாப்பிரிக்கா என்பதால் ஆட மறுத்துக் கோப்பையை விட்டுக்கொடுத்தது. சென்னையின் விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த அணி அது. கையெட்டும் தூரத்தில் இருந்த கோப்பை. 1976ல் நியூசிலாந்து ரக்பி அணி தென்னாப்பிரிக்காவுக்கு ஆடப் போனதற்காக, அந்த நாட்டைச் சேர்க்கக் கூடாது என்று 20க்கும் மேற்பட்ட நாடுகள், பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகள், மான்ட்ரியல் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. 1981ல் ஸ்பிரிங்பாக் அணி நியூசிலாந்து போனபோது ஹாமில்டனில் எதிர்ப்பாளர்கள் மைதானத்துக்குள் இறங்கி ஆட்டத்தையே ரத்து செய்ய வைத்தார்கள். ஆக்லாந்தில் சின்ன விமானம் ஒன்று ஆட்டத்தின் நடுவே தலைக்கு மேல் பறந்து மாவுப் பொட்டலங்களை வீசியது. 1987, 1991 ரக்பி உலகக் கோப்பைகளில் தென்னாப்பிரிக்கா இல்லை.

இந்த நெருக்கடியை வெளிநாட்டிலிருந்து நடத்தியவர்களில் கவிஞர் டென்னிஸ் புரூட்டஸும், டர்பனில் பிறந்த இந்திய வம்சாவளியினரான சாம் ராம்சாமியும் முக்கியமானவர்கள். உள்நாட்டில் ஹசன் ஹோவா போன்றவர்கள், இயல்பில்லாத சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்ற முழக்கத்தோடு நின்றார்கள். பொருளாதாரத் தடை ஒரு சராசரி ஆஃப்ரிக்கானர் விவசாயியின் வீட்டுக்குள் நேராக வந்து தட்டவில்லை. ரக்பி போனது தட்டியது. ஆக, 1990 பிப்ரவரி 11 அன்று மண்டேலா வெளியே வந்தபோது, விளையாட்டு என்ற குழாயின் திருகு அவருடைய கட்சியான ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸின் கையில் இருந்தது. திறப்பதும் மூடுவதும் அவர்கள் விருப்பம்.

மண்டேலா அந்தத் திருகை எப்படிப் பயன்படுத்துவது என்று சிறையிலேயே கற்றுக்கொண்டார். ராபன் தீவில் இருந்தபோதே ஆஃப்ரிக்கான்ஸ் படித்தார், ஆஃப்ரிக்கானர் வரலாறு படித்தார். "எதிரியின் மொழியை ஏன் படிக்க வேண்டும்" என்று சக கைதிகளில் சிலர் முகம் சுளித்தார்கள். 1982ல் போல்ஸ்மூர் சிறைக்கு மாற்றப்பட்ட பிறகு ஒரு சம்பவம். மதியம் அவருக்குக் கூடுதலாகக் கிடைத்த சாப்பாட்டை இரவுக்கு எடுத்து வைப்பார், அதற்குள் ஆறி அவலாகிவிடும். சூடாக்க ஒரு ஹாட்பிளேட் வேண்டும். பொறுப்பிலிருந்த மேஜர் கெடுபிடிக்காரர், ஆனால் ரக்பிப் பைத்தியம். மண்டேலாவுக்கு அதுவரை ரக்பியில் பெரிய ஆர்வம் கிடையாது. செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தைப் படித்து, எந்த வீரர் நன்றாக ஆடுகிறார், தேர்வில் யாரை விட்டுவிட்டார்கள் என்று தயாரித்துக்கொண்டு, மேஜர் ரோந்து வந்தபோது ஆஃப்ரிக்கான்ஸில் பேச்சை ஆரம்பித்தார். ஹாட்பிளேட் வந்தது. சின்ன விஷயம்தான். பின்னால் ராணுவ ஜெனரல்களிடம் அவர் செய்ததும் இதே வேலைதான், அளவு மட்டும் பெரிது.

ஏன் இவ்வளவு பாடு என்றால், பயம் நிஜமானது. வெள்ளையர் மக்கள்தொகையில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் ராணுவம், போலீஸ், பண்ணை நிலம், வங்கி எல்லாம் அவர்கள் கையில். 1993 ஏப்ரலில் கறுப்பினத் தலைவர் கிறிஸ் ஹானி சுட்டுக் கொல்லப்பட்டபோது நாடு உள்நாட்டுப் போரின் விளிம்புக்குப் போய்வந்தது. ராணுவத்தின் முன்னாள் தலைமைத் தளபதி கான்ஸ்டன்ட் ஃபில்யூன் அதே ஆண்டு ஆஃப்ரிக்கானர் அமைப்புகளை ஒன்றுதிரட்டி, தனி நாடு வேண்டும், இல்லாவிட்டால் ஆயுதம் என்ற நிலையில் நின்றார். அவரை மண்டேலா தன் வீட்டுக்கு அழைத்து, ஆஃப்ரிக்கான்ஸில் பேசி, தேர்தலுக்குள் இழுத்துவந்தார். ஃபில்யூன் 1994 மார்ச்சில் கட்சி பதிவு செய்து போட்டியிட்டார். அப்படியும் தேர்தலுக்கு முந்தைய நாட்களில் ஜோஹன்னஸ்பர்க்கில் வெள்ளைத் தீவிரவாதிகள் குண்டு வைத்தார்கள். 1994 மே 10 அன்று மண்டேலா பதவியேற்றபோது கீழே தணல் அணையவில்லை.

இப்போது 1992க்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரு முயற்சி மண்ணைக் கவ்வியது.

அந்த ஆண்டு மார்ச்சில் இரண்டு காரியங்கள் நடந்தன. சீர்திருத்தம் தொடரலாமா என்று வெள்ளையரிடம் மட்டும் வாக்கெடுப்பு நடந்தது, 68.7 சதவீதம் பேர் "சரி" என்றார்கள். அந்த நேரம் தென்னாப்பிரிக்க கிரிக்கெட் அணி ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை ஆடிக்கொண்டிருந்தது. "வேண்டாம்" வென்றால் மறுபடியும் தனிமைதான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதே மாதம் வெள்ளையர் ரக்பி வாரியமும், இனப் பாகுபாடு பார்க்காத தனி வாரியமும் இணைந்து ஒரே சம்மேளனமாயின. ஆகஸ்ட் 15 அன்று ஜோஹன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் நியூசிலாந்துடன் மறுபிரவேச ஆட்டம். மண்டேலாவின் கட்சி வைத்த நிபந்தனைகள் மூன்று: பழைய கொடி வேண்டாம், "டி ஸ்டெம்" என்ற பழைய தேசிய கீதம் வேண்டாம், வன்முறையில் இறந்தவர்களுக்காக ஒரு நிமிட மௌனம். ஜூனில்தான் போய்பட்டாங் என்ற கறுப்பினக் குடியிருப்பில் படுகொலை நடந்திருந்தது.

என்ன ஆயிற்று? மௌன நேரத்திலேயே கூட்டம் டி ஸ்டெம் பாடியது. அரங்கம் முழுக்கப் பழைய கொடி. உள்ளூர் ரக்பித் தலைவர் லூயிஸ் லைட் ஒலிபெருக்கியிலும் கீதத்தைப் போட வைத்தார். ஆட்டத்தில் நியூசிலாந்து 27–24 என்று வென்றது, அதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. கறுப்பினத்தவருக்கு அடிவயிறு எரிந்தது. ஆட்டத்தைத் திருப்பிக் கொடுத்தால் நன்றி வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் இறுமாப்பு வந்து நின்றது. தப்பு எங்கே என்றால், நிபந்தனை காகிதத்தில் மட்டும் இருந்தது. அரங்கத்துக்குள் அதை நிறைவேற்ற யாருக்கும் அக்கறை இல்லை. கேப்டனிடம் பேசவில்லை, ரசிகரிடம் பேசவில்லை, நிர்வாகிகளிடம் கையெழுத்து வாங்கியதோடு சரி.

1994க்குப் பிறகு மண்டேலா செய்தது இதற்கு நேர் எதிர். காகிதத்தை விட்டுவிட்டு ஆட்களைப் பிடித்தார்.

ஆனால் அதற்கு முன்னால் கட்சிக்குள் ஒரு போர் இருந்தது. 1993ல் கட்சியின் தேசிய செயற்குழுவில் டி ஸ்டெம் கீதத்தைத் தூக்கிவிடலாம் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. மண்டேலா தொலைபேசி அழைப்புக்காக வெளியே போயிருந்த நேரம் அது. திரும்பி வந்தவர் முடிவை மாற்ற வைத்தார். விளைவு, 1994 முதல் டி ஸ்டெம், கறுப்பினத்தவரின் விடுதலைக் கீதம் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடப்பட்டன. 1997ல் இரண்டும் சேர்ந்து ஐந்து மொழிகள் கொண்ட ஒரே கீதமாயின. ஸ்பிரிங்பாக் சின்னத்திலும் அதே சண்டை. மானை எடுத்துவிட்டு, மற்ற அணிகளைப் போல புரோட்டியா பூவை வைக்க வேண்டும் என்பது விளையாட்டுத் துறையில் இருந்த கட்சிக்காரர்களின் பொதுவான கருத்து. நியாயமான கருத்தும்கூட. மண்டேலா வாதம் வேறு: பறிக்கும் அதிகாரம் நம்மிடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் நாம் பறிக்காமல் விட்டால், அவர்கள் பயத்தின் வேர் போய்விடும்.

இதில் உள்ள கணக்கைக் கவனிக்க வேண்டும். பொருளாதாரத்தில் வெள்ளையருக்கு விட்டுக்கொடுத்தால் அதன் செலவு கறுப்பின ஏழைகள் தலையில் விடியும். சின்னத்தில் விட்டுக்கொடுத்தால் மனம் வலிக்கும், அரிசிப் பானையில் குறையாது. எதிர்த்தரப்புக்கோ அந்தச் சின்னம் உயிர். நமக்கு மலிவு, அவர்களுக்கு விலை மதிப்பில்லாதது: பேரம் பேசத் தெரிந்தவர் தேடுவது இந்தப் பொருளைத்தான். மண்டேலா வக்கீல் என்பதை மறந்துவிடக் கூடாது.

1994 ஜூனில், பதவியேற்று ஒரு மாதம் கழித்து, ஸ்பிரிங்பாக் கேப்டன் ஃபிரான்சுவா பியனாரை பிரிட்டோரியாவில் உள்ள தன் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். பியனாருக்கு அப்போது 27 வயது. சிறுவயதில் அவர் வீட்டில் மண்டேலா என்ற பெயர் பயங்கரவாதி என்ற அர்த்தத்தில் மட்டுமே புழங்கியது. மண்டேலா தானே எழுந்து வந்து வரவேற்றார், தன் கையால் தேநீர் ஊற்றிக் கொடுத்தார், ரக்பி பற்றியும் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தான் பார்த்தது பற்றியும் பேசினார். நேரடியாக எதையும் கேட்கவில்லை. நாட்டுக்காக இதைச் செய் என்று ஒரு வார்த்தை இல்லை. வெளியே வந்த பியனாருக்குத் தன்னிடம் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்று புரிந்திருந்தது. கட்டளையிட்டிருந்தால் ஒரு ஆஃப்ரிக்கானர் அணித்தலைவரை ஜனாதிபதியின் ஆள் என்று ஒதுக்கியிருப்பார்கள். கேட்காமல் விட்டதால் பியனார் செய்தது எல்லாம் அவருடைய சொந்தச் செயலாகவே நின்றது.

மற்றதை நடுமட்டத்தில் இருந்தவர்கள் செய்தார்கள், அவர்கள் பெயர் அதிகம் வெளியே வருவதில்லை. சம்மேளனத்தின் தலைமை நிர்வாகி எட்வர்ட் கிரிஃபித்ஸ் "ஒரே அணி, ஒரே நாடு" என்ற வாசகத்தை உருவாக்கினார். அணி மேலாளர் மார்னே டு பிளெஸ்ஸி, தானே முன்னாள் ஸ்பிரிங்பாக் கேப்டன், வீரர்கள் "இங்கோசி சிகெலெல் ஐ ஆஃப்ரிக்கா" என்ற அந்த விடுதலைக் கீதத்தைப் பாடக் கற்க வேண்டும் என்று முடிவு செய்து, ஆன் மனிக் என்ற ஷோசா மொழி ஆசிரியையை வரவழைத்தார். 110 கிலோ ஆட்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்று, ஷோசாவில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகளைப் பழகினார்கள். தேர்வும் கண்டிப்பும் பயிற்சியாளர் கிட்ச் கிறிஸ்டி கையில். இந்த மூவரில் ஒருவர் முரண்டு பிடித்திருந்தாலும் 1992 மறுபடி நடந்திருக்கும். போட்டிக் காலத்தில் அணி ராபன் தீவுக்குப் போய் மண்டேலா இருந்த கொட்டடியைப் பார்த்தது. இரண்டு கையையும் விரித்தால் சுவரைத் தொடும் அகலம். ஒவ்வொருவராக உள்ளே போய்வந்தார்கள்.

போட்டிக்குள் வருவோம். மே 25, கேப் டவுன் நியூலேண்ட்ஸ் அரங்கில் தொடக்க ஆட்டம். முந்தைய நாள் மண்டேலா ஹெலிகாப்டரில் அணியின் பயிற்சி முகாமுக்கு வந்து ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிக் கை கொடுத்தார். ஹென்னி லெ ரூ என்ற வீரர் தன் பச்சைத் தொப்பியைக் கொடுக்க, அப்படியே தலையில் வைத்துக்கொண்டார். மறுநாள் நடப்புச் சாம்பியன் ஆஸ்திரேலியாவை 27–18 என்று வீழ்த்தினார்கள். ருமேனியாவுடன் 21–8. கனடாவுடன் 20–0.

கனடா ஆட்டம் அசிங்கமானது. அடிதடி, மூன்று பேருக்குச் சிவப்பு அட்டை. தென்னாப்பிரிக்காவின் ஜேம்ஸ் டால்டன் வெளியேற்றப்பட்டார், பீட்டர் ஹென்ட்ரிக்ஸுக்குத் தடை. அந்தத் தடையால்தான் செஸ்டர் வில்லியம்ஸ் அணிக்குள் வந்தார். அணியின் ஒரே வெள்ளையரல்லாத வீரர் அவர், கலப்பினத்தவர். போட்டி விளம்பரங்கள் எல்லாவற்றிலும் அவர் முகம், ஆனால் காயம் காரணமாக ஆளே அணியில் இல்லை. காலிறுதியில் மேற்கு சமோவாவுக்கு எதிராக நாலு டிரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) போட்டார். ஒரு சண்டை நடக்காமல் இருந்திருந்தால் இந்த "வானவில்" அணி முழுக்க வெள்ளையாகவே இறுதி வரை போயிருக்கும். திட்டமிட்டது எவ்வளவு, தானாக அமைந்தது எவ்வளவு என்று பார்க்கும்போது இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

அரையிறுதி அதைவிட மயிரிழை. ஜூன் 17, டர்பனில் கொட்டும் மழை. ஆட்டம் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. கைவிடப்பட்டால் ஒழுங்கு நடவடிக்கைக் கணக்குப்படி ஃபிரான்ஸ் இறுதிக்குப் போகும், டால்டனின் சிவப்பு அட்டை அப்படி வந்து நின்றது. மைதானத்தில் துடைப்பத்தோடு இறங்கிய பெண்கள்தான் தண்ணீரைத் தள்ளி ஆட்டத்தைக் காப்பாற்றினார்கள். 19–15. கடைசி நிமிடங்களில் ஃபிரான்ஸ் கோட்டுக்கு அங்குலக் கணக்கில் நின்றுபோனது.

இதற்கு முந்தைய நாள் நடந்ததைத்தான் நான் மொத்தக் கதையின் மையம் என்று சொல்வேன், இறுதி ஆட்டத்தை அல்ல. ஜூன் 16, இளைஞர் தினம். 1976ல் ஆஃப்ரிக்கான்ஸ் மொழியைப் பள்ளியில் திணித்ததை எதிர்த்த சோவெட்டோ மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட நாள். குவாசுலுவில் எசாகெனி என்ற இடத்தில் கட்சிக் கூட்டம். மண்டேலா பேசிக்கொண்டே ஸ்பிரிங்பாக் தொப்பியைத் தலையில் வைத்து, நாளை ஃபிரான்ஸுடன் ஆடும் நம் பையன்களுக்கு மரியாதை என்றார். கூட்டம் எதிர்த்து ஊளையிட்டது. அவருடைய சொந்த ஆட்கள், அந்த நாளில். அவர் தொப்பியைக் கழற்றவில்லை. கிட்டப்பார்வையோடு இருக்காதீர்கள், தேசத்தைக் கட்டுவதற்கு இரு தரப்பும் விலை கொடுக்க வேண்டும், விளையாட்டைத் திறந்துவிடுவது வெள்ளையர் தரும் விலை, இந்த அணியை நம் அணி என்று ஏற்பது நாம் தரும் விலை என்று கறாராகப் பேசினார். கைதட்டல் கிடைக்கும் இடத்தில் ஜெர்சி போடுவது எளிது. அடி விழும் இடத்தில் தொப்பியோடு நின்றதால்தான் எட்டு நாள் கழித்துப் போட்ட ஜெர்சிக்கு எடை இருந்தது.

ஜூன் 24, எல்லிஸ் பார்க். மூன்றாண்டுக்கு முன் பழைய கொடி பறந்த அதே அரங்கம். 60,000க்கும் மேல் கூட்டம், பெரும்பாலும் வெள்ளையர். விமான நிறுவனத்தின் ஜம்போ ஜெட் ஒன்று அடிவயிற்றில் வாழ்த்து எழுதிக்கொண்டு அரங்கத்தின் தலையை உரசுவது போலப் பறந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் பாடும் "ஷோஷோலோசா" பாட்டை வெள்ளையர் கூட்டம் பாடியது. மண்டேலாவின் மெய்க்காவலர் குழுவில் லிங்கா மூன்சாமி என்று ஒருவர் இருந்தார், பெயரைப் பார்த்தாலே நம்மவர்களுக்கு ஊர் தெரிந்துவிடும். ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன் பச்சை ஜெர்சி, தொப்பியோடு மண்டேலா களத்தில் இறங்கினார். முதுகில் 6, பியனாரின் எண். ஒரு கணம் அரங்கம் ஸ்தம்பித்தது, பிறகு "நெல்-சன், நெல்-சன்" என்று ஆரம்பித்தது நிற்கவில்லை. பியனார் கீதம் பாட வாய் திறக்க முடியாமல் நின்றார்.

ஆட்டத்தைப் பொறுத்தவரை நியூசிலாந்துதான் பலமான அணி. 20 வயது ஜோனா லோமு அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக நாலு டிரை போட்டிருந்தார். இறுதியில் அவரை ஒரு டிரைகூடப் போட விடவில்லை, இரு பக்கமும் டிரையே இல்லை. முழு நேரத்தில் 9–9. கூடுதல் நேரத்தில் நியூசிலாந்து 12–9 என்று முந்தியது, ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கி பெனால்டியில் சமன் செய்தார், பிறகு ஒரு டிராப் கோல், அதாவது பந்தைத் தரையில் விட்டு எழும்போதே கம்பங்களுக்கு நடுவே உதைப்பது. 15–12. தென்னாப்பிரிக்காவின் 15 புள்ளிகளும் ஸ்ட்ரான்ஸ்கியுடையவை. களத்திலேயே ஒரு நிருபர் 60,000 பேரின் ஆதரவைப் பற்றிக் கேட்டபோது, எங்களுக்குப் பின்னால் இருந்தது 4.3 கோடிப் பேர் என்றார் பியனார். கறுப்பினத்தவர் படிக்கும் சோவெட்டன் நாளிதழ் அந்த அணிக்கு "அமபோகோபோகோ" என்று செல்லப்பெயர் வைத்தது. அன்றிரவு கறுப்பினக் குடியிருப்புகளிலும் தெருவில் இறங்கி ஆடினார்கள்.

இதன் பலன் என்ன? வெள்ளைத் தீவிரவாதத்தின் கீழிருந்து தரையை உருவியது, அதுதான் பெரிய பலன். துப்பாக்கியோடு இருந்தவனுக்கு ஊரில் ஆதரவு இல்லாமல் போயிற்று. மண்டேலாவுக்கு நேரம் கிடைத்தது. நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்துக்கும் 1996 அரசியல் சட்டத்துக்கும் அந்த நேரம் தேவைப்பட்டது. சூடு ஆறுமுன் ஆகஸ்டில், ஆஃப்ரிக்கானர்கள் தங்களுக்கென்றே அமைத்த ஒரானியா ஊருக்குப் போய், நிறவெறியை வடிவமைத்த ஃபெர்வூர்டின் விதவையோடு தேநீர் குடித்துவிட்டு வந்தார். 1996 பிப்ரவரியில் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கோப்பையிலும் அதே பாணி. இந்த முறை பெரும்பாலும் கறுப்பின அணி, கேப்டன் நீல் டோவி வெள்ளையர், மண்டேலா அவருடைய 9ஆம் எண் ஜெர்சியில். துனிசியாவை 2–0 என்று வென்றார்கள்.

ஆகாதது என்ன என்பதும் நீளமான பட்டியல். வெற்றி விருந்திலேயே லூயிஸ் லைட், நாங்கள் ஆடாததால் 1987, 1991 கோப்பைகள் கணக்கில் வராது என்ற தொனியில் பேசி, நியூசிலாந்து வீரர்கள் எழுந்து போய்விட்டார்கள். 1997ல் தேசியப் பயிற்சியாளர் ஆந்திரே மார்க்கிராஃப் இனவசை பேசிய ஒலிப்பதிவு வெளியாகிப் பதவி விலகினார். ரக்பி நிர்வாகத்தில் இனவெறி குறித்து விசாரணைக் கமிஷன் போட்ட மண்டேலாவையே லைட் நீதிமன்றத்துக்கு இழுத்தார். 1998ல் ஜனாதிபதி பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தில் நேரில் வந்து சாட்சி சொன்னார், வழக்கில் தோற்றார். அடுத்த ஆண்டு அரசியல் சட்ட நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திருப்பியது. ஜெர்சி போட்ட கையால் கமிஷனும் போட்டார் என்பதைத்தான் நல்லிணக்கக் கதை சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். செஸ்டர் வில்லியம்ஸும் பிற்காலத்தில், சக வீரர்கள் சிலரிடமே இனவசை கேட்டதாகத் தன் நூலில் சொன்னார்.

மற்ற நாட்டுத் தலைவர்கள் இதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்வதுண்டு. 1998 கால்பந்து உலகக் கோப்பையை ஃபிரான்ஸ் வென்றபோது, கறுப்பர், வெள்ளையர், அரபு வம்சாவளியினர் கலந்த அணியை வைத்து புதிய ஃபிரான்ஸ் பிறந்துவிட்டது என்று கொண்டாடினார்கள். 2002 ஏப்ரலில் குடியேறிகளை எதிர்க்கும் லெ பென் ஜனாதிபதித் தேர்தலின் இறுதிச் சுற்றுக்குப் போனார். அங்கே அணி இருந்தது, கோப்பை இருந்தது. யாரும் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுத்திருக்கவில்லை. தன் ஆட்களின் கோபத்தைச் சம்பாதித்த தலைவரும் இல்லை.

இன்றைய நிலவரம் கேட்டால்: 2007ல் தென்னாப்பிரிக்கா மறுபடி கோப்பை வென்றபோது இறுதி ஆட்டத்தின் 15 பேரில் வெள்ளையரல்லாதோர் இரண்டே பேர், பிரையன் ஹபானாவும் ஜே.பி. பீட்டர்சனும். 2016ல் மாற்றம் போதாது என்று, பெரிய சர்வதேசப் போட்டிகளை நடத்தக் கோரும் உரிமையை ரக்பி, கிரிக்கெட் உள்ளிட்ட சில சம்மேளனங்களுக்கு அரசு நிறுத்திவைத்தது. 2018ல் சியா கோலிசி முதல் கறுப்பின டெஸ்ட் கேப்டன் ஆனார், 2019 இறுதியில் 15 பேரில் ஆறு பேர் வெள்ளையரல்லாதோர், இங்கிலாந்தை 32–12 என்று வென்றார்கள். 2023லும் கோலிசி தலைமையில் கோப்பை, நியூசிலாந்தை ஒரே புள்ளியில், 12–11. அடைப்பு எங்கே என்றால் பள்ளியில். கோலிசி போர்ட் எலிசபெத்தின் ஸ்விடே குடியிருப்பில் வறுமையில் வளர்ந்தவர். 12 வயதில் முன்பு வெள்ளையருக்கு மட்டும் இருந்த கிரே பள்ளியில் உதவித்தொகை கிடைத்தது. சாப்பாடு, பயிற்சியாளர், புல்தரை மைதானம் மூன்றும் அங்கேதான் ஒரே இடத்தில் கிடைத்தன. ஸ்பிரிங்பாக் அணிக்கு வரும் கறுப்பின வீரர்களில் பலர் இப்படிப்பட்ட பள்ளிகள் வழியாகவே வருகிறார்கள். 2019 இறுதியில் முதல் டிரை போட்ட மகசோலே மப்பிம்பி, கிழக்கு கேப் கிராமப் பள்ளியில் படித்து வந்தவர், விதிவிலக்கு. அவர் மாதிரி இரண்டாவது, மூன்றாவது ஆள் வர, கிராமப் பள்ளிகளுக்கு மைதானமும் சத்தான சாப்பாடும் போய்ச் சேர வேண்டும். அது ஜனாதிபதி போடும் ஜெர்சியில் இல்லை, மாகாணக் கல்வித் துறையின் பட்ஜெட்டில் இருக்கிறது.